இருமல் அறியா ஆமை

ஐந்துறுப்பையும் ஓட்டினுள் அடக்கிக்கொள்ளும் ஆமையை வள்ளுவர் அடக்கத்திற்கு உவமையாக்கினமை தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. அவ்வுவமையின் நயத்தை விரித்துரைத்தல் ஈண்டு எம் நோக்கமன்று. புலவர்க்கு அடக்கமாகத் தோன்றிய அச்செயல், ஆமையை வளர்ப்பவனுக்கு மறைப்பாக முடிகின்றது என்பதையே யாம் கூற வந்தோம். நோயுற்ற நாய் முனகும். நோயுற்ற பசு கதறும். ஆமையோ நலமாயிருந்த நாளிலும் ஒடுங்கிக் கிடந்தது. நோயுற்ற நாளிலும் ஒடுங்கியே கிடக்கின்றது. அவ்விரண்டு ஒடுக்கத்திற்கும் உள்ள வேற்றுமையை நாடோறும் நோக்கி அறியும் பொறுமையில்லாதவன், பேராமையை வீட்டில் வைத்து வளர்க்கலாகாது என்பது எம் துணிபு. அதிலும் சிறப்பாக, மூச்சு நோயின் குறிகளை அறியாதவன் வளர்த்தலே ஆகாது என்போம்.

பேராமை என்று யாம் குறிப்பது நம் ஊர்க் குளத்தில் தலைநீட்டும் ஆமையையன்று. இந்துமாக்கடலில் செய்ஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ராத் தீவிலும், பசிபிக் மாக்கடலில் ஈக்குவடார் நாட்டைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகளிலும் இயல்பாக வாழும் பெருந் தரையாமைகளே இவை. நன்கு வளர்ந்த ஆண் ஆமை 250 கிலோ நிறையும், சிலபோது அதற்கு மேலும் எய்தும். நூறாண்டு கடந்தும் உயிர்வாழும். கல்கத்தாவில் அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலையில் 2006ஆம் ஆண்டில் இறந்த 'அத்வைதா' இவ்வினத்ததே. சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள முதலைப் பண்ணையில் அல்டாப்ரா ஆமைகளைக் கண்டு வந்த மாணவ நண்பரும் நம்முள் இருத்தல் கூடும்.

நம் நாட்டில், ஆமை புகுந்த வீட்டையும் அமீனா புகுந்த வீட்டையும் ஒருசேர வைத்துப் பழமொழி கூறி, வாயிலில் வந்த எளிய ஆமையையும் துரத்திவிடுவர். செய்ஷெல்ஸ் தீவினர் வீட்டு முற்றத்தில் பேராமை வளர்ப்பதோ பழைய வழக்கம். அமெரிக்க நாட்டில் பெருவிலை கொடுத்து வாங்கி வளர்ப்பாரும் உளர். அவர் கையில் வந்து சேர்வது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு. வாங்கியவர் இளமை கழிந்து நரை தோன்றும் காலத்தில், அக்குஞ்சு இருவர் மூவராலும் தூக்கவொண்ணாத பாறையாகிக் கொல்லைப்புறத்தில் நடமாடும். இவர்களை நோக்கியதே எம் கட்டுரை.

பேராமைக்கு நேர்ந்த தீங்கெல்லாம் அதன் பொறுமையால் விளைந்தது என்று சொல்லலாம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மாலுமிகளும் திமிங்கில வேட்டைக்காரரும் கலாபகோஸ் தீவுகளில் இறங்கி, ஆமைகளைப் பிடித்து, கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தனர். உணவும் நீரும் இன்றிப் பல மாதம் அவை உயிரோடு கிடந்தன. கெடாத இறைச்சி என்று மாலுமிகள் மகிழ்ந்தனர். இந்துமாக்கடல் தீவுகளிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே அல்டாப்ராவொன்றே எஞ்சிய நிலையில், 1874ஆம் ஆண்டில் டார்வின், ஹூக்கர் முதலிய அறிஞர் சிலர் மொரீஷியஸ் தீவின் கவர்னருக்கு விண்ணப்பம் எழுதி, அவ்வாமைகளைக் காக்குமாறு வேண்டினர். அல்டாப்ரா 1982இல் உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்டது. இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் ஆமைகள் அங்கே வாழ்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் அல்டாப்ரா ஆமை, ஏறக்குறைய 740 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டான்சானியா நாட்டில் கிம்பிஜி என்னுமிடத்தில் கடலினின்று கரையேறிற்று. அதன் கால்களில் கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தமையால், அது பல நாள் அலையில் மிதந்து வந்தமை தெரிந்தது.

இத்தகைய வரலாறுகளைக் கேட்டவர், 'ஆமைக்கு என்ன வரும்? அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்' என்கின்றனர். யாம் மறுக்க விரும்பும் கூற்று இதுவே. பட்டினி பொறுத்தல் வேறு. நோய் பொறுத்தல் வேறு. ஆமை நோயைப் பொறுக்கவில்லை, வெளிக்காட்டவில்லை, அவ்வளவே.

அதன் உடலமைப்பைச் சிறிது அறிந்தார்க்கு இது விளங்கும். நாம் மூச்சுவிடும்போது விலாவெலும்புகள் விரிந்து சுருங்குகின்றன; நெஞ்சிற்கும் வயிற்றிற்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசைத்தட்டு இறங்கி ஏறுகின்றது. ஆமையின் விலாவெலும்புகளோ முதுகோட்டோடு ஒன்றிப்போய் அசைவற்றன. நமக்குள்ள தசைத்தட்டும் அதற்கில்லை. நுரையீரல்கள் முதுகோட்டின் உட்புறத்தை ஒட்டி மேலே கிடக்க, குடல் முதலியன அவற்றின் கீழே அமைந்துள்ளன. கால்கள் வெளிவரும் இடங்களிலுள்ள தசைகள் உள்ளுறுப்புக்களை இழுத்தும் தள்ளியும் காற்றைப் புகுத்தி வெளியேற்றுகின்றன. (ஆமையைக் கவிழ்த்து அதன் அடிவயிற்றை ஆராய விரும்புவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். மல்லாத்திய ஆமையின் உள்ளுறுப்பெல்லாம் நுரையீரலின்மேல் சரிந்து அழுத்தும். மூச்சு நோய் உள்ள ஆமைக்கு அதுவே கேடாய் முடியலாம்.) வன்மையாக இருமிச் சளியை வெளியேற்றும் ஆற்றல் இவ்வமைப்பிற்கு இல்லை. அன்றியும், ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதுபோல் நீர்த்து ஒழுகாது. பாற்கட்டிபோல் இறுகித் தங்கும். நமக்கு ஜலதோஷம் வந்தால் தும்மியும் இருமியும் ஒரு வாரத்தில் தீர்த்துக்கொள்கின்றோம். ஆமையின் நெஞ்சுள் இறங்கியது அங்கேயே தங்கி நிமோனியாவாக மாறுகின்றது.

இனிக் குறிகளைக் கூறுவோம். முதலில் நோக்கவேண்டுவது மூக்கு. ஈண்டே ஒரு தடுமாற்றம் உண்டு. அல்டாப்ரா ஆமை, பாறைக் குழிகளில் விரற்கடையளவு தேங்கிய மழைநீரை மூக்கின் வழியாகவே உறிஞ்சிக் குடிக்கவல்லது. ஆதலால் நீர்த்தொட்டியினின்று திரும்பிய ஆமையின் மூக்கு நனைந்திருத்தல் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. நீர் அருந்தாத வேளையிலும், பனிபடிந்த புல்லை மேயாத போதும், மூக்கில் ஈரம் நிற்குமாயின் ஐயுறல் வேண்டும். மூச்சு வெளிவருந்தோறும் மூக்குத் துளையில் குமிழி எழுந்து உடையுமாயின் ஐயத்திற்கு இடமே இல்லை. தொடக்கத்தில் தெளிந்த நீராக ஒழுகுவது, நாளடைவில் கொழகொழப்பாகிப் பழுப்புநிறம் எய்தும். பின்னர் உலர்ந்து துளையை அடைக்கும். ஒரு துளை திறந்தும் மற்றது அடைந்தும் இருத்தலுண்டு. நெடுநாட்பட்ட நோயில் மூக்கைச் சுற்றிய தோல் அரிக்கப்பட்டு வெளுத்துப்போகும்.

கூர்ந்து நோக்குவார்க்கு மட்டுமே புலப்படும் வேறொரு குறி முன்னங்கால்களில் உண்டு. மூக்கொழுகும் ஆமை, கைக்குட்டையில்லாத சிறுவன் புறங்கையால் துடைத்துக்கொள்வதுபோல், முன்னங்காலின் உட்புறத்தில் மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். அதனால் அங்கே செதில்கள்மேல் உலர்ந்த சளி பளபளப்பாகவோ, புழுதி ஒட்டிய கறையாகவோ காணப்படும். காலையில் மூக்கு உலர்ந்திருக்கக் கண்டு நலமென்று நம்பியவனுக்கு, அக்கால் உண்மையைக் கூறிவிடும்.

கண்ணைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தரையாமைகளுக்குக் கண்ணீரை மூக்கிற்குள் இறக்கும் குழாய் இல்லை. ஆதலின் அவற்றின் கண்ணீர் கன்னத்தின் வழியே வழிதல் இயற்கை. ஆமை அழுகின்றது என்று சிலர் பரிவோடு கூறுவர், அதுவன்று. இமைகள் வீங்கியிருத்தல், கண்ணில் பீளை தங்குதல், கண் உட்குழிந்திருத்தல் இவையே நோயின் குறிகள்.

ஓசையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அருகில் ஆள் வரக் கண்டு தலையை வெடுக்கென உள்ளிழுக்கும்போது ஆமை 'உஸ்' என்று சீறுவது போன்ற ஓசை எழும். தலையும் காலும் உட்புக, உள்ளிருந்த காற்று வெளித்தள்ளப்படும் ஓசையே அது, சினமுமன்று, நோயுமன்று. புணர்ச்சிக் காலத்தில் ஆண் ஆமை தொலைவிற் கேட்கும்படி முழங்குதலும் இயல்பே. ஆமை அசையாது அமர்ந்திருக்கும் அமைதியான வேளையில், மூச்சுத் தோறும் சீழ்க்கை போலவோ, 'கிளிக்' என்று சொடுக்குவது போலவோ, ஈரமான கரகரப்பாகவோ ஓசை கேட்குமாயின் அது நோயின் ஓசை. இதனைக் கேட்க அருகில் அமர்ந்து கால்மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். நடந்துகொண்டே கேட்பார்க்கு இது கேளாது.

கழுத்தை நீட்டுதல் எல்லாரும் எளிதிற் பிழைபட உணரும் குறி. கலாபகோஸ் தீவுகளில் ஃபிஞ்ச் என்னும் சிறு குருவிகள் முன்னே தத்திவந்து நின்றால், ஆமை நாற்காலும் ஊன்றி எழுந்து, கழுத்தை வான்நோக்கி நீட்டிச் சிலைபோல் நிற்கும். குருவிகள் தோலின் மடிப்புக்களிலுள்ள உண்ணிகளைக் கொத்தித் தின்னும். மனிதன் கழுத்தையும் தொடையையும் தடவிக்கொடுத்தாலும் அவ்வாறே எழுந்து நிற்பதனால், மிருகக்காட்சிச் சாலைகளில் வைத்தியர் அந்நிலையைப் பயன்படுத்தி ஆமையை ஆராய்வர். இத்தகைய நீட்டலில் வாய் மூடியிருக்கும், உடல் உயர்ந்திருக்கும். நோயாளி ஆமையோ உடலைத் தரையிற் கிடத்தி, கழுத்தை மட்டும் நீட்டி, மூச்சுத் தோறும் வாயைத் திறந்து மூடும். தலை மேலும் கீழும் ஆடும். முன்னங்கால்கள் துருத்தியை இயக்குவன போல் உள்ளும் புறமும் அசையும். நடுப்பகல் வெயிலில் அகப்பட்ட ஆமை வாயில் நுரை தள்ளுதலும் உண்டு. அது வெப்ப மிகுதியால் வந்த வேறோர் ஆபத்து. நிழலும் நீரும் உடனே வேண்டும். வெப்பமில்லாத வேளையில் வாய்திறந்து மூச்சுவிடும் ஆமைக்கு ஒருநாளும் தாழ்க்கலாகாது. பிற குறிகளைக் கண்டு வாரக்கணக்கில் வாளாவிருந்தவரே பெரும்பாலும் இக்குறியைக் காண்கின்றனர்.

உணவிலும் நோய் தோன்றும். ஆமை உணவைக் கண்டறிவதில் முகர்தலுக்குப் பெரும்பங்கு உண்டு. மூக்கடைத்தால் பசியும் அடங்கும். செயின்ட் ஹெலினாத் தீவிற்கு 1882இல் கொண்டுவரப்பட்டு, 2022இல் 190ஆம் பிறந்தநாள் கொண்டாடப்பெற்ற ஜோனதன் என்னும் பேராமை, முதுமையில் கண்ணும் மூக்குணர்வும் இழந்து, கிடைத்த புல்லை மட்டும் கௌவி மெலிந்து வந்தது. அங்கிருந்த மிருக வைத்தியர் அதனைக் கண்டு, பழமும் காய்கறியும் கையால் ஊட்டத் தொடங்கிய பின்னரே அது தேறிற்று. அதற்கு வந்தது மூச்சு நோயன்று. ஆயினும், மோப்பம் இழந்த ஆமை புல்வெளியின் நடுவிலும் நலியும் என்பதற்கு அது சான்றாகும். ஆதலின் மெலிவைக் கண்ணால் மதிக்கக் கருதுதல் வீண். ஓடு மெலிவதில்லை, மெலிவதெல்லாம் ஓட்டின் உள்ளே. மாதந்தோறும் நிறுத்து எழுதிவைத்தாலன்றி மெலிவு தெரியாது. கால்நடைகளை நிறுக்கும் மேடைத்தராசு இதற்கு வேண்டும்.

இந்நோய்க்குக் காரணங்களுள் முதன்மையானது குளிர். அல்டாப்ராத் தீவு நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே 9 பாகையளவில் உள்ளது. குளிர்ந்த மாதமாகிய ஆகஸ்டிலும் அங்கே வெப்பம் 22 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிற்கும். பேராமைகள் சில குளிர்நாட்டு ஆமைகளைப்போல் மண்ணிற் புதைந்து உறங்கிக் குளிர்காலத்தைக் கழிப்பனவல்ல. குளிர்ந்த ஊர்வனவற்றின் உடல் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை இழக்கின்றது. ஃபுளோரிடா மாநிலத்தில் 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் பெரிய இகுவானாக்கள் மரங்களினின்று விறைத்து வீழ்ந்தன. பேராமையின் பெருத்த உடல் மெல்லவே குளிருமாதலின், முதல் இரவின் குளிரில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. வளர்ப்பவர் துணிவு கொள்கின்றார். மெல்லக் குளிர்ந்தது மெல்லவே சூடேறும் என்பதை அவர் எண்ணுவதில்லை. குளிரோடு ஈரமும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். புழுதி நிறைந்த வைக்கோல், கழுவாத கொட்டிலில் சிறுநீரின் நெடி, 'ஏ' உயிர்ச்சத்துக் குறைந்த உணவு என்பனவும் துணைக்காரணங்கள்.

மற்றொன்று தொற்று. இதற்கு அமெரிக்காவின் மொஹாவிப் பாலைநிலத்து ஆமைகளே பெருஞ்சான்று. அவை பேராமைகள் அல்ல. ஒருவர் இரு கையாலும் தூக்கத்தக்கவை. ஆயின் நோய் ஒருவகையதே. 1980களின் இறுதியில் மூக்கொழுகி மெலிந்து பல ஆமைகள் இறக்கக் கண்ட அந்நாட்டு அரசாங்கத்தார், 1990ஆம் ஆண்டில் அவ்வாமைகளை அழிவை எதிர்நோக்கும் இனப்பட்டியலிற் சேர்த்தனர். மைக்கோபிளாஸ்மா அகாசிசி என்னும் நுண்ணுயிரே அந்நோயை விளைக்கவல்லது என்பது 1994இல் நிலைநாட்டப்பட்டது. வீட்டில் வளர்த்துச் சலித்தவர்கள் கொண்டுபோய் விட்ட ஆமைகளின் வாயிலாக அந்நோய் காட்டில் பரவியிருத்தல் கூடும் என்று ஆராய்ந்தார் பலர் கருதுகின்றனர். இக்கிருமி புகுந்த ஆமை, தேறியது போல் தோன்றியும் கிருமியைச் சுமந்து திரியும். ஆகவே புதிதாக வாங்கிய ஆமையைப் பல மாதம் வேறிடத்தில் வைத்து நோக்காமல் பழைய ஆமையோடு விடுவதும், வெவ்வேறு தீவின, வெவ்வேறு நாட்டின ஆமைகளை ஒரே வேலிக்குள் கூட்டிவைத்து அழகுபார்ப்பதும் எமக்குச் சிறிதும் உடன்பாடல்ல. அன்பின் பெயரால் செய்யப்படினும் அவை தீச்செயல்களே.

குறி கண்டபின் செய்யத்தக்கது யாது? பிற ஆமைகளினின்று பிரித்து, உலர்ந்து வெதுவெதுப்பான கொட்டிலில் இரவும் பகலும் வைத்து, நீர் குறையாமற் காத்து, ஊர்வனவற்றிற்கு மருத்துவம் பார்த்துப் பழகிய மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். தாமே மருந்து வாங்கிக் கொடுப்பாரை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். நாய்க்கும் மாட்டிற்கும் புழுநீக்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், நீர்வற்றிய ஆமையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குளிர்ந்த உடலிற் செலுத்திய மருந்து உரியவாறு பரவி வேலை செய்யாது. ஆகவே சூடேற்றுதலே மருத்துவத்தின் முதற்படி. பின்னங்காலிற் செலுத்திய மருந்து முழுதும் உடலிற் கலக்குமுன் சிறுநீரகத்தை அடையலாகும் என்று, வைத்தியர் முன்னங்காலில் ஊசி போடுவர். இவையெல்லாம் வீட்டுக்காரர் கைம்மருந்தாகப் பார்க்கும் செய்திகளோ?

வைத்தியர்க்கும் இஃது எளிய தொழிலன்று. ஓட்டின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் உராயும் ஓசையே கேட்கும்; நனைத்த துணியை இடையில் இட்டுக் கேட்கவேண்டும். நேர்மேலிருந்து எடுத்த எக்ஸ்ரேப் படத்தில் நுரையீரலின்மேல் ஏனைய உறுப்புக்களின் நிழல் விழுந்து மயக்குமாதலின், முன்னிருந்தும் பக்கத்திருந்தும் படம் எடுத்தல் வேண்டும். இருநூறு கிலோ ஆமையின் பருத்த உடலையும் ஓட்டையும் ஊடுருவிப் படமெடுக்க ஊர் மருத்துவச் சாலையின் சிறு கருவி போதாது. வலிய கருவியுள்ள இடத்திற்கு லாரியில் ஏற்றிச் செல்லவேண்டி வரும். மருத்துவம் வாரங்கள், சிலபோது மாதங்கள் நீளும்.

இவ்வளவு அச்சுறுத்தினால் ஒருவரும் ஆமை வளர்க்க முன்வாரார் என்று விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். வளர்ப்பவர் கையில் பிறந்து பெருகும் ஆமைகளால் காட்டிலுள்ளவற்றைத் திருடுவோர் குறைவர் என்பதும் அவர் வாதம். அவ்வாதத்தை யாம் முற்றும் தள்ளவில்லை. ஆயினும் உள்ளங்கைக் குஞ்சைக் காட்டி விற்பவர் அதன் விலையை மட்டுமே கூறுகின்றார். வாங்குவோர் அவ்விலையைக் கேட்குமுன், தம் ஊரிலிருந்து எத்தனை மைல் தொலைவில் ஊர்வன மருத்துவர் உளர் என்றும், குளிர்காலம் முழுதும் கொட்டிலைச் சூடாக வைக்க மின்சாரத்திற்கு எவ்வளவு செலவாகும் என்றும், தாம் இல்லாத காலத்தில் அம்மூக்கை நாடோறும் உற்றுநோக்கத் தம் மக்களுள் எவர் இசைவர் என்றும் ஒரு தாளில் எழுதிப்பார்த்தல் வேண்டும்.